ட்ரெயினில் நாற்பத்தொரு பேர்

எங்கள் லைனில், அதாவது பழைய சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பகல் நேரத்தில் ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அவர் ட்ரெயினில் போயிருக்கிறார் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. "உங்க அண்ணன் எங்க?" என்று யாராவது கேட்டால் "ட்ரெயினு" என்போம். பெங்களூர் என்றுகூடச் சொல்வதில்லை. அவன் இறங்கி, பஸ் பிடித்து, ஏதோ கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருந்தாலும் எங்களைப் பொறுத்தவரை ட்ரெயினில்தான் இருக்கிறான். ராத்திரி ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி லைனுக்குள் நடந்து வரும்வரை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் செய்த தப்பு இங்கிருந்துதான் வந்தது.

என் பெயர் பல்லவி. பி.சி.ஏ. கடைசி வருஷம். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் சோறு வேண்டாம். எதைப் பார்த்தாலும் அதைப் பட்டியல் போட்டு ஒரு வெப் பக்கம் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். போன வருஷம் தண்ணீர் டேங்கர் வரிசையில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் எங்கள் லைன் முழுவதையும் ஒரு அர்ரேயில், கம்ப்யூட்டர் வரிசைப் பட்டியலில், போட்டேன். இருபத்தெட்டு வீடு, நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட். உள்ளே பெயர், வீட்டு நம்பர், வயது, போன்.

அதை வீட்டு நம்பர்படி பிரித்து எண்ணுவது பத்து வரி வேலை. வரிசையில் முதல் ஆளை எடுக்க வேண்டும். அவர் வீட்டு நம்பர் எழுதிய டப்பா ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் புது டப்பா வைத்து அதில் ஒன்று போட வேண்டும். இருந்தால் அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அப்புறம் அடுத்த ஆள். கடைசியில் எந்த டப்பாவில் எத்தனை என்று வந்துவிடும். வீட்டுக்கு இத்தனை தலை, இத்தனை குடம். சண்டை நின்றது. லைன் சங்கத்துச் செயலாளர் முனியப்பன் அண்ணா அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கம்ப்யூட்டரு" என்றுதான் கூப்பிடுவார்.

அக்டோபர் மாசம், வியாழக்கிழமை. மூன்றாவது நாளாக மழை. கரண்ட் விடியற்காலையிலேயே போய்விட்டது. காலேஜுக்கு லீவு விட்டிருந்ததால் வீட்டில் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தரைக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காதில் கேட்டதைவிடக் குதிகாலில்தான் அதிகம் கேட்டது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசின.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "பிளாஸ்டா?" என்றாள்.

தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எங்கள் ஊரில் எது அதிர்ந்தாலும் முதலில் வாயில் வருவது, சுரங்கத்தில் வெடி வைப்பதைச் சொல்கிற அந்த வார்த்தைதான். எங்கள் லைன் நந்திதுர்க் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது. கீழே லெவல் லெவலாக வெட்டிய பூமி. அதன் மேல்தான் நாங்கள் சமைக்கிறோம், படிக்கிறோம், தூங்குகிறோம். யாரும் அதை நினைப்பதில்லை. அன்றைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் நினைத்தார்கள்.

வெளியே ஓடி வந்து பார்த்தால், லைனின் கடைசியில் இருபத்தெட்டாம் நம்பர் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் முன்னால் தரையில் ஒரு விரிசல். கை நுழையும் அகலம். மழைத் தண்ணீர் ஓடி வந்து அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. நிரம்பவே இல்லை. தண்ணீர் எங்கேயோ போகிறது. அந்த எங்கேயோ எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

அரை மணி நேரத்தில் லைனே காலி. போர்வையும் பிள்ளைகளும் ஆதார் கார்டுமாக எல்லோரும் மேட்டு மேலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நேசமணி டீச்சர் சாவியோடு வந்து ஹாலைத் திறந்துவிட்டார். முனிசிபல் என்ஜினியர் ஜீப்பில் வந்தார். கடைசி நான்கு வீடுகளும் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தின் மேல் சாய்கின்றன, தானாக விழுவதற்குள் இடித்துவிட வேண்டும், ஜே.சி.பி. வந்துகொண்டிருக்கிறது என்றார். நான்கு வீட்டில் மூன்று திறந்து கிடந்தன. வாசலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். யாரும் இல்லை. இருபத்தேழாம் நம்பரில் வெளியே பூட்டுத் தொங்கியது.

ஆனாலும் அவருக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. "எல்லாரூ இதாரா? ஒவ்வொருத்தரும் எங்கே இருக்காங்கன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம்தான் மிஷின்" என்றார் கன்னடமும் தமிழுமாக.

முனியப்பன் அண்ணா மார்பை நிமிர்த்தினார். "அதெல்லாம் நம்ம கம்ப்யூட்டரு கீது சார். அஞ்சு நிமிசம்."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது. லேப்டாப்பைப் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். டீச்சரின் மேஜையில் வைத்துத் திறந்தேன். பழைய அர்ரேயிலுள்ள ஆப்ஜெக்ட்டுகளுக்குப் புதிதாக ஒரு விவரம் சேர்த்தேன்: நிலை. ஐந்து பேருக்கு லிங்க் அனுப்பினேன். அவர்கள் ஹாலில் வீடுவீடாகக் கேட்டுத் தங்கள் போனில் தட்ட வேண்டும். பள்ளி, ட்ரெயின், பஸ், வெளியூர். நான்கில் ஒன்று.

"எங்க ஊட்ல நாலு பேரு. ரெண்டு இங்க, ரெண்டு ட்ரெயினு."

"எங்க ஊட்ல மாமனாரு திருப்பதி போய்க்கிறாரு. அது இன்னா, பஸ்ஸா வெளியூரா?"

"பஸ்ஸுல தான போனாரு?"

"போய்ச் சேந்துட்டாரு இல்ல? அப்ப வெளியூருதான், தட்டுமே."

என்னுடைய முறை வந்தபோது யாரும் கேட்காமலே நானே தட்டினேன். அம்மா, பள்ளி. நான், பள்ளி. அண்ணன் சரத், ட்ரெயின்.

பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. நிலையை வைத்துப் பிரித்து எண்ணும் புரோகிராமை ஓட்டினேன். பின்னால் என்ஜினியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஐந்து வரி வந்தன. பள்ளி 58. ட்ரெயின் 38. பஸ் 6. வெளியூர் 7. அதற்குக் கீழே, அன்டிஃபைன்ட் 3.

"அது ஏனு?" என்று விரலை வைத்தார் என்ஜினியர்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. மூன்று பேருக்கு யாரும் எதையும் தட்டவில்லை. அந்த மூன்று ஆப்ஜெக்ட்டில் நிலை என்ற விவரமே இல்லை. இல்லாத விவரத்தை வைத்துப் பிரித்தால் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது. அன்டிஃபைன்ட் என்று ஒரு டப்பா வைத்து அதில் போட்டு எண்ணிக்கொண்டே போகும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அசிங்கமாக இருக்கிறது. என்ஜினியர் பார்க்கிறார், முனியப்பன் அண்ணா பார்க்கிறார், என் வெப் பக்கம் அசிங்கமாக இருக்கிறது.

"ஒண்ணும் இல்ல சார், ஒரு நிமிஷம்" என்றேன். பகலில் லைனில் இல்லாதவர்கள் எங்கே இருப்பார்கள்? யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போனது. ஒரே ஒரு வரியில் ஒரு சின்ன வால் ஒட்டினேன்.

`let கீ = ஆள்.நிலை || "ட்ரெயின்";`

நிலை இருந்தால் அது. இல்லையென்றால் ட்ரெயின். மறுபடி ஓட்டினேன். பள்ளி 58, ட்ரெயின் 41, பஸ் 6, வெளியூர் 7. கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டு. அழகாக நான்கு வரி. டீச்சர் அதைக் காகிதத்தில் எழுதினார். முனியப்பன் அண்ணா கையெழுத்துப் போட்டார். என்ஜினியர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். முனியப்பன் அண்ணாவும் கூடப் போனார். போகும்போது என் தலையில் தட்டி, "ஷோக்கா பண்ணிட்ட கம்ப்யூட்டரு" என்றார்.

நான் டீ குடித்தேன். டீயோடு ராதிகா அக்காவும் வந்தார். அவர் பக்கத்து லைன். மகனுக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பது கேள்விப்பட்டு ஒரு பெரிய கேனில் டீ போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் லைன் பெண்களோடு தினமும் ஒரே பெட்டியில் பெங்களூர் ஒய்ட்ஃபீல்டுக்குப் போகிறவர். லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"யாரு யாரும்மே ட்ரெயினுல? எங்க செட்டு எல்லாம் வருதா?"

பெயர்களை இறக்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பெயராகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றது தலை.

"வாணி எப்படி ட்ரெயினுல?"

"வாணி அக்காதான். இருபத்தேழாம் நம்பரு."

"அது தெரியும். ஆனா அவ திங்கக்கெழமைலருந்து நைட் ஷிப்ட்டுடி. கோடவுன்ல மாத்திட்டாங்க. காலைல நாங்க போற நேரம் அவ எதுத்தாப்ல வந்துகினு கீறா. வந்து தூங்குவா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "வீடு வெளியே பூட்டியிருக்கு அக்கா."

ராதிகா அக்கா என்னைப் பார்த்தார். "எல்லம்மாதான் பூட்டிகினு போவும். கல்யாண மண்டபத்துக்குச் சமைக்கப் போவும்ல பங்காருப்பேட்டைக்கு. கதவு தெறந்திருந்தா யாராச்சும் வந்து எழுப்பிடறாங்கோன்னு வெளிய பூட்டிட்டுப் போயிடும். புள்ள தூங்கட்டும்னு."

எல்லம்மா அத்தை வாணி அக்காவின் அம்மா. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பஸ் என்று இருந்தது. யாரோ அவர் பஸ் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். வாணி அக்காவை யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததால் யாரும் எதையும் தட்டவில்லை. யாரும் எதையும் தட்டாததால் என்னுடைய வால் அவரைத் தூக்கி ட்ரெயினில் உட்கார வைத்தது.

அந்த வாலை வெட்டினேன். ஓட்டினேன். அன்டிஃபைன்ட் 3 திரும்பி வந்தது. மூன்று பெயரையும் வரவழைத்தேன். நாகேஷ், ஆறாம் நம்பர். விநாயக், பதினொன்று. வாணி, இருபத்தேழு.

நாகேஷ் மாமாவுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். பென்ஷன் விஷயமாக ராபர்ட்சன்பேட்டை பேங்கில் க்யூவில் நிற்கிறாராம், இன்னாம்மா சமாச்சாரம் என்றார். பதில் சொல்லாமல் வைத்தேன். விநாயக்குக்கு அடித்தேன். போன் மணி எங்கள் ஹாலுக்குள்ளேயே கேட்டது. கடைசி பெஞ்சுக்குக் கீழே போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாணி அக்காவுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்.

முனியப்பன் அண்ணாவுக்கு அடித்தேன். பிஸி. இன்னொரு தரம், பிஸி. பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் லைன் தெரியாது, நடுவில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மண்மேடு மறைக்கும். ஆனால் சத்தம் வரும். வந்தது. என்ஜின் உறுமுகிற சத்தம். அப்புறம் செங்கல் சரிகிற சத்தம்.

"டீச்சர், யாருக்காவது போன் போட்டுக்கினே இருங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு ஓடினேன். செருப்பு ஹாலிலேயே கிடந்தது. ராதிகா அக்கா பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

பத்து நிமிஷப் பாதை. நான் எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்று தெரியாது. மண் முழுக்க வழுக்கல். ஓடும்போது தலைக்குள் அந்த வரி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இல்லையென்றால் ட்ரெயின். இல்லையென்றால் ட்ரெயின். நான் எண்ணியது ஆட்களை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எண்ணியது யாரோ தட்டியதையும் நான் ஒட்டியதையும். யாரையுமே நான் எண்ணவில்லை.

லைன் தெரிந்தது. இருபத்தெட்டாம் நம்பர் பாதி இல்லை. எங்கள் லைன் வீடுகளுக்கு நடுச் சுவர் ஒன்றுதான், இருபத்தெட்டின் சுவரே இருபத்தேழின் சுவர். ஜே.சி.பி.யின் பல்வைத்த வாளி அந்தச் சுவருக்கு நேராக உயர்ந்திருந்தது.

சுற்றிக் கட்டியிருந்த தடுப்பு ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். முனியப்பன் அண்ணா போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏய்! நவுரு! பூமி உள்ள போய்கினு கீது, செத்துடுவ!"

"அண்ணா, இருபத்தேழுல ஆளு இருக்கு!"

"பூட்டுத் தொங்கறது தெரீலயா கண்ணு? நீதானே எல்லாத்தையும் எண்ணுன?"

ஜே.சி.பி. ஓட்டுகிற மஞ்சுநாத் அண்ணா கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "பீக ஹாகிதெ கணம்மா, பூட்டுப் போட்டிருக்கு, ஒளகெ யாரூ இல்ல" என்று கையை ஆட்டினார். என்ஜினியர் கோபமாக வந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு முன்னால் விரித்தார். மழை அதன் மேல் சொட்டியது. "லிஸ்ட் நீவே கொட்டித்தல்வா? நூத்திப் பன்னெண்டு. சரியா இருக்குன்னு கையெழுத்து இருக்கு!"

பட்டியல் நான்தான் கொடுத்தேன். அவர் சொன்னது சரி.

ராதிகா அக்கா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியதில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "வாணி... நைட் ஷிப்ட்டு... உள்ள தூங்குறா. அவங்கம்மாதான் பூட்டுச்சு."

மஞ்சுநாத் அண்ணா சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது.

மழை சத்தம் மட்டும். தகரக் கூரை மேல் சடசடவென்று. அதற்கு அடியில், ரொம்ப அடியில், வேறொரு சத்தம். டங். டங். நின்றது. மறுபடி டங்.

முனியப்பன் அண்ணாவின் கையிலிருந்து போன் நழுவிச் சேற்றில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார் என்ஜினியர். அவர் குரலே மாறிப்போயிருந்தது. விரிசல் இப்போது இருபத்தேழின் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. கால் நுழையும் அகலம்.

மஞ்சுநாத் அண்ணா என்ஜினைத் திரும்பப் போட்டார். இடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் கத்தினேன். அவர் வாளியை மெதுவாகக் கவிழ்த்து, நடுச் சுவர் மேல் பின்பக்கமாக வைத்து அழுத்தினார். சுவரைத் தாங்கிப் பிடித்தார். "ஈவாக பேகா, சீக்கிரம், நான் புடிச்சிருக்கேன்" என்றார். முனியப்பன் அண்ணா ஜீப்பிலிருந்த கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையை எங்களிடம் கொடுத்தார். இடிக்க வந்திருந்த ஆட்களும் நாங்களுமாக ஐந்து பேர் பிடித்தோம். என் உள்ளங்கையில் கயிறு அறுத்தது. அவர் கடப்பாரையோடு விரிசலைத் தாண்டினார். பூட்டு இரண்டு அடியில் விழுந்தது. கதவு திறக்கவில்லை. வீடு சாய்ந்ததில் நிலைக்கால் முறுக்கிக்கொண்டு கதவைக் கவ்வியிருந்தது.

"வாணி! கதவ வுட்டுத் தள்ளிப் போம்மா!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்க போறது? பின்னால தரையே இல்ல!"

அந்தக் குரலைக் கேட்டதும் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன்.

கடப்பாரையைக் கீலுக்குள் விட்டு நெம்பினார். ஒரு கீல் போனது. இன்னொரு கீல். கதவு அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து விரிசல் மேல் பலகை மாதிரி விழுந்தது. அதன் மேல் வாணி அக்கா தவழ்ந்து வந்தார். நைட்டி முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு காதில் பஞ்சு. கையில் இரும்புத் தோசைத்திருப்பி, அதை வைத்துத்தான் கதவைத் தட்டியிருக்கிறார். முனியப்பன் அண்ணா அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நாங்கள் முனியப்பன் அண்ணாவை இழுத்தோம். எல்லோரும் சேற்றில் விழுந்தோம்.

மஞ்சுநாத் அண்ணா நாங்கள் ரிப்பனுக்கு வெளியே போகும்வரை காத்திருந்தார். அப்புறம் வாளியை எடுத்தார். அவர் இடிக்கவே இல்லை. சுவர் தானாக உள்பக்கம் போனது. தகரம், அலமாரி, கட்டில் எல்லாம் ஒரு மூச்சில் கீழே போயின. சத்தம் முடிந்த பிறகும் ஏதோ உருண்டு போகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையாவது லெவலில் போய் நின்றதோ.

வாணி அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தோம். ஹாலுக்குள் வந்து போர்வை போர்த்தி உட்கார வைத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"கரண்ட் இல்ல. போன் செத்துப்போச்சு. பஞ்சு வெச்சிகினு தூங்கிட்டேன். கட்டில் நவுந்தப்பதான் முழிப்பு வந்துச்சு. கதவத் தட்டறேன், தட்டறேன், வெளிய ஒரு ஆளு சத்தம் இல்ல. அப்புறம் மிஷின் சத்தம். நீங்க எல்லாம் போய்ட்டீங்கோ. என்ன ஒருத்தரும் தேடலயா?"

"இதோ இவதான் கண்டுபுடிச்சா" என்றார் முனியப்பன் அண்ணா. என்னைத் தோளில் பிடித்து முன்னால் தள்ளினார். "நம்ம கம்ப்யூட்டரு! லேப்டாப்பப் பாத்து ஓடியாந்தா பாரு, அந்தக் கடவுளே அனுப்சா மாதிரி!"

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. அந்த வாலை நான் ஏற்கெனவே வெட்டிவிட்டேன்.

"நான் கண்டுபிடிக்கல" என்றேன். "நான்தான் உங்கள ட்ரெயின்ல போட்டேன்."

"இன்னா?"

"உங்களுக்கு நேரா ஒண்ணும் இல்லாம இருந்துச்சு அக்கா. மூணு பேருக்கு இல்ல. அது பாக்க நல்லா இல்லன்னு நானா ட்ரெயின்னு போட்டு ரொப்பிட்டேன். அத நம்பித்தான் சார் மிஷின விட்டாரு. ராதிகா அக்கா வந்து சொல்லலன்னா..."

முனியப்பன் அண்ணாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

வாணி அக்கா என்னைப் பார்த்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார். "ஆறு வருசம் அந்த ட்ரெயினுலதானேடி இருந்தேன்" என்றார். மன்னித்தாரா, திட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எல்லம்மா அத்தை அப்போதுதான் பங்காருப்பேட்டையிலிருந்து ஓடி வந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கி ஹாலின் மூலைக்கு வீசினார். "நானு பூட்டிட்டுப் போனேனே, நானே பூட்டிட்டுப் போனேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என்ஜினியர் வாசலில் வந்து நின்றார். தொப்பி இல்லை, நனைந்திருந்தார். "இன்னும் ரெண்டு வீடு பாக்கி. இப்ப சரியா? எல்லாரூ சரியா?" என்றார். முதலில் கேட்டதுபோல் அவசரமாகக் கேட்கவில்லை. பயந்து கேட்டார்.

முனியப்பன் அண்ணா என்னைப் பார்த்தார்.

"இன்னும் சொல்ல முடியாது சார்" என்றேன். "ட்ரெயின்ல முப்பத்தெட்டு பேர் இருக்காங்கன்னு தட்டியிருக்கு. அவங்கள யாரும் பாக்கல. பஸ்லயும் வெளியூர்லயும் இன்னும் பன்னெண்டு பேர், எல்லம்மா அத்தையத் தவிர. அம்பது பேர் குரலையும் கேட்டாத்தான் சொல்வேன்."

அவர் மறுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆப்ஜெக்ட்டுகளில் இன்னொரு விவரம் சேர்த்தேன்: குரல். காதால் கேட்ட பிறகு மட்டும் 'உண்டு'. மற்றபடி வெறுமை, வால் கிடையாது. ராதிகா அக்கா, நேசமணி டீச்சர், நான், மூன்று பேராகப் பங்கு போட்டு அடித்தோம். சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்தார்கள், திரும்ப அடித்தோம். இருவர் என்ன ஆச்சு என்று அழுதார்கள். ஒருத்தி போனை ஃபிரெண்டிடம் கொடுத்துவிட்டு டாய்லெட் போயிருந்தாள், அவளே வந்து பேசும்வரை டீச்சர் வைக்கவில்லை. ஹாலில் இருந்தவர்களையும் விடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் மறுபடி எண்ணினேன். உண்டு 94, அன்டிஃபைன்ட் 18. உண்டு 103, அன்டிஃபைன்ட் 9. இந்தத் தடவை அந்த வார்த்தை அசிங்கமாகத் தெரியவில்லை. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டானபோது உண்டு 111. அன்டிஃபைன்ட் 1.

யார் என்று பெயரை வரவழைத்தேன். சரத். எங்கள் வீடு.

நான் அடிக்கவே இல்லை. ஏனென்றால் அவன் ட்ரெயினில்தானே போவான். காலையில் நான் எழுந்திருக்கும்போது அவன் பாய் காலியாக இருந்தது. தினமும் காலியாகத்தான் இருக்கும். அவன் கிளம்பினதை நான் பார்த்தேனா?

"அம்மா, அண்ணன் காலைல கெளம்புச்சா?"

"கெளம்பித்தானே இருப்பான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவள் முகமும் வெளுத்தது. "நான் தண்ணி புடிக்கப் போய்ட்டேண்டி."

அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வாணி அக்கா போர்வையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ஜினியர் எழுந்து நின்றார். ஆறாவது மணி. ஏழாவது.

"இன்னாடி?" என்றது அண்ணன் குரல். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். "வேலைல கீறேன், மானேஜரு எதுக்க நிக்கிறான், இன்னா ஒனக்கு?"

"உன் பேரச் சொல்லு."

"பைத்தியமா புடிச்சிருக்கு?"

"பேரச் சொல்லுண்ணா."

என் குரலில் அவன் எதையோ கேட்டிருக்க வேண்டும்.

"சரத்" என்றான். "பதினேழாம் நம்பரு, சரத். இன்னாம்மா ஆச்சு?"

உண்டு என்று தட்டினேன். இரண்டு தரம் தப்பாகப் போய், மூன்றாவது தரம்தான் சரியாக விழுந்தது.